சூட்கேஸில் வரும் பனங்கொட்டை

வாசகர் கேள்வி:

ஐயா, நாங்கள் மாங்குளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நேசரி வைத்திருக்கிறோம். ஒட்டு மா, கொய்யா, குரோட்டன், இவைதான் இப்போது விலைப்படுகின்றன. மேட்டுக்காணி இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணன் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறார். இணையத்தில் வெளிநாட்டுப் பனை வகைகளின் விதைகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். பேரீச்சை, தண்டு சிவந்த மலேசியப் பனை, வெள்ளி இலைப் பனை, அசாயி, எண்ணெய்ப் பனை. விதைகளைச் சூட்கேஸில் கொண்டுவருவதாகவும், துபாயில் இறங்கி ஏறும்போது பேரீச்சைக் கன்று நாலைந்து வாங்கலாம் என்றும் அண்ணன் சொல்கிறார். எங்கே வாங்கினால் நல்லது? எப்படி முளைக்க வைப்பது?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஐந்து மரமும் ஒரு சூட்கேஸும் இருக்கின்றன. மரங்களைப் பற்றி ஆறுதலாகக் கதைப்போம். முதலில் அந்தச் சூட்கேஸை இறக்கி வைப்போம்.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விதையோ கன்றோ, முன்கூட்டியே அனுமதி எடுத்துத்தான் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அனுமதி கேட்க வேண்டிய இடம் கட்டுநாயக்காவில், விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது. பிளான்ட் குவாரன்டைன் என்று கேட்டால் காட்டுவார்கள். எந்த மரம், எந்த நாடு, எத்தனை விதை, என்ன தேவைக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மரத்தின் தாவரவியல் பெயரைச் சரியாக எழுதுங்கள். கடைக்காரர் வைத்த பெயரை நம்பி எழுதினால் மனு திரும்பி வரும். அவர்கள் தரும் பத்திரத்தில் நிபந்தனைகள் இருக்கும். அந்தப் பத்திரம் கையில் இருந்தால்தான், விற்பவர் தன் நாட்டு அதிகாரிகளிடம் விதையைக் காட்டி அதற்கேற்ற சுகாதாரச் சான்றிதழ் எடுக்கலாம். வியாபாரிகள் அதைச் சுருக்கமாக 'பைட்டோ' என்பார்கள். முதலில் அனுமதி, அப்புறம் பைட்டோ, கடைசியாகத்தான் பார்சல். பலர் பார்சலில் தொடங்கி அனுமதிக்கு ஓடுகிறார்கள். மண் ஒட்டிய கன்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பலாலியில் இறங்கினாலும் காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்தாலும் சட்டம் இதுதான்.

'பைட்டோ தேவையில்லை, பார்சலில் மாலை கோக்கும் மணி என்று எழுதி அனுப்புகிறோம்' என்று சொல்லும் விற்பனையாளர்களும் இணையத்தில் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் ஒரு விதைகூட வாங்காதீர்கள். அரச அதிகாரியிடம் பொய் சொல்பவர் உங்களிடம் மட்டும் உண்மை சொல்வாரா? 

பிடிபட்டால் என்ன, விதைதானே போகும் என்று அண்ணன் நினைக்கலாம். பிடிபடாமல் வந்து சேர்ந்தால்தான் எனக்குப் பயம்.

மொரோக்கோவில் பயூத் என்றொரு நோய் பேரீச்சையைப் பிடித்தது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணம். அதை ஒரு சோலையிலிருந்து இன்னொரு சோலைக்குக் கொண்டுபோனவர்கள் வேறு யாருமல்ல, நல்ல இனம் என்று தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பிடுங்கிக் கொடுத்த விவசாயிகளேதான். ஒரு நூற்றாண்டுக்குள் 1 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் பட்டுப்போயின. பிலிப்பைன்ஸில் கடாங் கடாங் என்ற நோய் 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைத் தின்றது. வைரஸைவிடவும் சின்னதான ஒரு கிருமி அதற்குக் காரணம். கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் தெரியாது. நம் தென்னைகளைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டின் கதை இன்னும் வேடிக்கையானது. அது தெற்காசியாவில் பிறந்த பூச்சி, நம் ஊர்க்காரன். 1980களில் வளைகுடா நாடுகளுக்குப் போய், 1990களில் எகிப்து, ஸ்பெயின் என்று இறங்கி, 2000களில் மத்தியதரைக் கடல் நாடுகள் எங்கும் பரவிவிட்டது. பறந்து போகவில்லை. அழகுக்கு நடுவதற்கென்று ஏற்றி அனுப்பிய பனைக் கன்றுகளின் தண்டுக்குள் புழுவாக உட்கார்ந்துகொண்டு போனது.

இவ்வளவு தூரம் போவானேன். மாத்தறை மாவட்டத்தின் வெலிகமவில் 2006இல் தென்னை இலை வாடல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பைட்டோபிளாஸ்மா என்ற கிருமியால் வருவது, சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிகள் பரப்புகின்றன, மருந்து இல்லை. நோயுள்ள மரத்தைத் தறித்து எரிப்பதுதான் வைத்தியம். அந்தப் பகுதியிலிருந்து தென்னம்பிள்ளைகளை வெளியே கொண்டுபோகத் தடை போட்டுத்தான் மற்ற மாவட்டங்களைக் காத்துவருகிறார்கள். ஆகவே தெற்கிலிருந்து லொறியில் மலிவாகத் தென்னம்பிள்ளையோ கமுகம்பிள்ளையோ வருகிறது என்று யாராவது சொன்னால் அதற்கும் இதே பதில். நமக்கு வெலிகமவும் வெளிநாடுதான்.

வன்னியில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பதுங்குகுழிக்கு மூடு போடத் தறித்த பனைகளையும், ஷெல்லில் தலை போன தென்னைகளையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பனை ஒன்று பாளை விட 15 ஆண்டாவது எடுக்கும். திரும்பி வந்தபோது போட்ட கொட்டைகள் இப்போதுதான் வடலியாகி மரமாக நிமிர்கின்றன. அவற்றின் பக்கத்தில், எங்கே பிடுங்கியது என்று தெரியாத கன்று ஒன்றை நடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கன்று பச்சைப்பசேலென்று இருக்கும். கிருமி உள்ளே தூங்கும். விதையில் இந்த ஆபத்து மிகவும் குறைவு. ஆனாலும் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடாங் கடாங் அரிதாக விதை வழியாகவும் போகிறது. ஆபத்து மிகக் குறைந்தது, ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குப்பிக்குள் மண் தொடாமல் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று. எனவே துபாயில் அண்ணன் வாங்க நினைக்கும் அந்த நாலைந்து கன்றுகள் வேண்டாம். அவை தாய்மரத்திலிருந்து பிடுங்கிய பக்கக்கன்றுகள் என்றால் கட்டாயம் வேண்டாம்.

சரி, மரங்களுக்கு வருவோம்.

அசாயியைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள். அது அமேசன் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் காலை நனைத்துக்கொண்டு நிற்கும் மரம். ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் காயும் நம் வானத்துக்கு அது ஒத்துவராது. தண்டு சிவந்த மலேசியப் பனையும் அதே சாதிதான்: போர்னியோ, சுமாத்ரா சதுப்புக்காட்டு மரம். படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. சோளகக் காற்று ஒரு கிழமை அடித்தால் இலை நுனி கருகிவிடும். கிணற்றடியில் தொட்டியில் வைத்து ஒன்றிரண்டு வளர்க்கலாம். இரண்டு ஏக்கரில் அல்ல.

எண்ணெய்ப் பனை, மலையகத்தார் முள்ளுத்தேங்காய் என்பது, அதைப் புதிதாக நடுவதை 2021இல் அரசாங்கம் தடை செய்தது. விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அந்த மரத்தின் வரலாற்றில் ஒரு துண்டு உங்களுக்குப் பிடிக்கும். 1848இல் ஆபிரிக்க எண்ணெய்ப் பனையின் நாலே நாலு கன்றுகளை ஜாவாவில், போகோர் தாவரவியல் பூங்காவில் நட்டார்கள். பிற்காலத்தில் தென்கிழக்காசியாவை மூடிய தோட்டங்களில் பெரும்பகுதி அந்த நாலின் வாரிசுகள். நாலைந்துதானே என்று அண்ணன் சொல்கிறார் அல்லவா, அதற்காகச் சொன்னேன்.

வெள்ளி இலைப் பனை நல்ல தேர்வு. மடகஸ்காரின் வறண்ட புல்வெளிகளில் வளர்வது. பிஸ்மார்க்கியா என்று கேளுங்கள். நம் பனைக்கு நெருங்கிய உறவு. வெயிலையும் காற்றையும் தாங்கும். கலியாண மண்டபங்களும், வெளிநாட்டுக் காசில் கட்டும் புது வீடுகளும் வாங்கும் மரம். ஆனால் இதற்காக மடகஸ்காருக்கு எழுத வேண்டியதில்லை. இலங்கையிலேயே வளர்ந்து காய்க்கும் மரங்கள் இருக்கின்றன. ராயல் பாம், பொக்ஸ்டெயில், மணிலாப் பனை என்ற அழகுப் பனைகள் எல்லாம் அப்படித்தான். பேராதனைப் பூங்காவிலும் கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவிலும் ஒரு நாள் நடந்து பாருங்கள். கடல் தேங்காய் என்கிற சீஷெல்ஸ் இரட்டைத் தேங்காய் மரமே பேராதனையில் நிற்கிறது. எந்த மரம் எவ்வளவு வளரும் என்று கண்ணால் கண்டபின் நாட்டுக்குள்ளேயே நல்ல நேசரிகளில் விதை கேளுங்கள். பறித்த மூன்றாம் நாள் உங்கள் கைக்கு வரும் உள்ளூர் விதைக்குக் கிட்டவும் நிற்காது, கடல் கடந்து வரும் விதை. ஏன் என்று சொல்கிறேன்.

விதைகளில் இரண்டு குணம் உண்டு. காய்ந்தாலும் உயிர் தாங்குவது ஒன்று, காய்ந்தால் செத்துப்போவது ஒன்று. நெல் முதலாவது, பலாக்கொட்டை இரண்டாவது. பேரீச்சை நெல்லின் கட்சி: இஸ்ரேலில் மசாதா கோட்டையில் தோண்டி எடுத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழைய கொட்டை ஒன்று 2005இல் முளைத்தது. ஆனால் மழைக்காட்டுப் பனைகளில் மிகப் பல பலாக்கொட்டையின் கட்சி. சில கிழமை காய்ந்தால் போதும், கதை முடிந்தது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். மீள்குடியேறி வந்த புதிதில், கமுகுச் சாதி அழகுப் பனை ஒன்றின் 300 விதைகளை அனுமதியோடுதான் ஓர் இறக்குமதியாளர் மூலம் எடுப்பித்தேன். பத்திரங்கள் எல்லாம் சரி. பெட்டி மட்டும் யாரோ ஒருவருடைய களஞ்சியத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஏழு கிழமை கிடந்தது. பதினொரு மாதம் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் எழும்பவில்லை. பிறகுதான் ஒரு கொட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். முளை இருக்க வேண்டிய குழிக்குள் உலர்ந்த மிளகு போல ஏதோ ஒன்று கிடந்தது.

அந்தச் சோதனையை நீங்கள் முதல் நாளே செய்யுங்கள். எங்கே வாங்கினாலும் பத்துக்கு ஒரு விதையை வெட்டிப் பாருங்கள். பருப்பு வெண்மையாக, இறுக்கமாக, ஓட்டின் உட்புறத்தை நிரப்பிக்கொண்டு இருக்க வேண்டும். முளை குண்டாக, பால்நிறமாக இருக்க வேண்டும். சுருங்கியிருந்தால், மஞ்சளித்திருந்தால், கெட்ட மணம் வந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தண்ணீரில் போட்டு மிதந்தால் பொய், தாழ்ந்தால் மெய் என்ற நெல்லுக் கணக்கு பனை விதைக்கு எல்லா நேரமும் சரிவரும் என்றில்லை. விற்பவரிடம் விலையைவிட முதலில் கேட்க வேண்டியது, எந்தத் திகதியில் பறித்தீர்கள் என்பது. பதில் சொல்லத் தெரியாதவர் பழைய சரக்கை வைத்திருக்கிறார். வானவில் பனை என்று நிறம் பூசிய படம் போடுபவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முளைக்க வைப்பதைப் பற்றி வன்னிப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது! பனம்பாத்தி போட்டவர்தானே நீங்கள். பனங்கொட்டை முளைக்கும்போது குருத்து மேலே வருவதில்லை. கொட்டையிலிருந்து ஒரு குழல் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அதன் நுனியில்தான் கன்று உருவாகிறது. நாம் கிழங்கு என்று கிண்டி அவித்துத் தின்பது அதைத்தான். பிஸ்மார்க்கியாவும் இதே வழிதான். வெளிநாட்டுப் புத்தகம் பார்த்து அதைச் சின்னச் சட்டியில் போட்டவர்கள் எல்லோரும் கோணல் வேரோடு கன்றை இழந்தார்கள். ஒன்றரை அடி ஆழமான பையில், அல்லது நீளமாக வெட்டிய பிவிசி குழாயில் போடுங்கள். நடும் இடத்திலேயே போட்டால் இன்னும் நல்லது. வேரை அசைத்தால் அதற்குக் கோபம் வரும். மற்ற வகைகளுக்குச் சதையைச் சுத்தமாகக் கழுவி நீக்கி, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, தும்புத்தூளும் மணலும் சம அளவு கலந்து நிழலில் விதைத்தால் போதும். கழுவும்போது கையுறை போடுங்கள். கித்துள் போன்ற சிலவற்றின் சதை கையில் பட்டால் கருணைக்கிழங்கு போலக் கடிக்கும். சூடாக்கும் பாய் வாங்க வேண்டும் என்று ஐரோப்பிய விற்பனையாளர்கள் எழுதுவார்கள். அது பனி கொட்டும் நாட்டுக்காரருக்கு. நமக்குப் பங்குனி வெயில் இருக்கிறது. பேரீச்சை ஒன்றிரண்டு மாதத்தில் தலை காட்டும். பிஸ்மார்க்கியாவுக்கு ஆறு மாதம்கூட ஆகலாம், பொறுமையிழந்து கிண்டிப் பார்க்காதீர்கள்.

பேரீச்சையைக் கடைசியாக வைத்தேன், ஏனென்றால் உங்கள் இரண்டு ஏக்கருக்குத் துணிந்து யோசிக்கக்கூடியது அது ஒன்றுதான். காத்தான்குடி வீதியில் வரிசையாக நின்று குலை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். காலில் தண்ணீர், தலையில் நெருப்பு வேண்டிய மரம் என்று அரபிகள் சொல்வார்கள். நெருப்பு நம்மிடம் தாராளமாக உண்டு. ஆனால் கடையில் வாங்கிய பழத்தின் கொட்டையைப் போட்டால் முளைப்பது எந்த இனமும் அல்ல. அது போக, பனை மாதிரி இதிலும் ஆண் வேறு பெண் வேறு. வடலியைப் பார்த்து யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பாதி ஆணாகப் போகும், அது தெரிய வருவதற்குள் ஐந்தாறு வருடம் தண்ணீர் இறைத்திருப்பீர்கள்.

எனவே இனம் தெரிந்த திசு வளர்ப்புக் கன்றுதான் வழி. பர்ஹி என்ற இனத்தைக் கேளுங்கள். மற்ற இனங்களில் மிகப் பல மரத்திலேயே நன்றாகப் பழுக்க வேண்டும். பர்ஹியை மஞ்சளாக, மொறுமொறுப்பாக இருக்கும்போதே சாப்பிடலாம், துவர்ப்பு இராது. மாரிக்கு முன்னமே வெட்டி விற்றுவிடலாம் என்பதுதான் நமக்கு அதன் பெறுமதி. தமிழ்நாட்டில் தர்மபுரிப் பக்கத்து விவசாயிகள் இதை வெற்றிகரமாகச் செய்கிறார்கள். 8 மீற்றர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 60 கன்று அளவில் பிடிக்கும். 50 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும், மகரந்தத்தைக் கையால் தூவ வேண்டும். திசு வளர்ப்பிலும் ஒரு குறை உண்டு: பர்ஹியில் சில கன்றுகள் நன்றாக வளர்ந்து பூத்தும் காய் பிடிக்காமல் போனதாக வெளிநாட்டு அனுபவம் இருக்கிறது. இனத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தராத ஆய்வுகூடத்திடம் வாங்காதீர்கள். ராஜஸ்தானின் ஜோத்பூரிலும் வளைகுடாவிலும் இப்படிப்பட்ட கூடங்கள் இருக்கின்றன. உங்கள் ஒரு குடும்பத்துக்காக அனுமதி, விமானக் கூலி, பரிசோதனை எல்லாம் பார்ப்பது கட்டுப்படியாகாது. முசலி, மன்னார்ப் பக்கம் ஆர்வமுள்ளவர்கள் இருப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஓர் இறக்குமதியாளர் மூலம் எடுங்கள். கிளிநொச்சியில் உள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்திலும், அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடத்திலும் முன்கூட்டியே ஒரு சொல் கேளுங்கள். 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் விவசாயத் திணைக்களத்தார் பதில் சொல்வார்கள். முதல் வருடம் 20 கன்றுக்கு மேல் போடாதீர்கள்.

யானையைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. மாங்குளத்தில் இருந்துகொண்டு அதை மறக்க முடியுமா? இளம் தென்னையின் குருத்துக்கு வரும் யானை பேரீச்சை மட்டும் அரபு நாட்டுச் சாமான் என்று விலகிப் போகாது. வேலிக்கான செலவை முதலில் எழுதி, மிச்சத்தில் எத்தனை கன்று வாங்கலாம் என்று பாருங்கள். குருத்தடியைக் கடிக்கும் முள்ளம்பன்றிக்குக் கன்றைச் சுற்றிக் கம்பிவலை போதும். கறையானுக்குக் குழியைச் சுத்தமாக வைத்திருங்கள். மட்டை, கட்டை எதையும் உள்ளே புதைக்காதீர்கள்.

அண்ணனின் சூட்கேஸில் இடம் மிச்சமிருந்தால் ஒட்டுக் கட்ட நல்ல கத்தி இரண்டும், தண்ணீரில் உப்பு அளக்கும் சின்ன மீற்றர் ஒன்றும் கொண்டுவரச் சொல்லுங்கள். பேரீச்சை உவரைத் தாங்கும், உங்கள் ஒட்டு மா தாங்காது. ஆவணியில் கிணறு வற்றி நிற்கும்போது ஒரு தடவையும், மாரி முடிந்தபின் ஒரு தடவையும் அளந்து எழுதி வையுங்கள். அந்த இரண்டு இலக்கத்தையும் எனக்கு அனுப்பினால் எந்த மூலையில் எதை நடலாம் என்று அடுத்த கடிதத்தில் கதைப்போம்.